பள்ளியில் வாய் திறவாப் பாலர்

பேச்சு மக்கட்பிறப்பிற்கே உரிய தனிச்செல்வம். திருவள்ளுவர் தம் நூலுட் சொல்வன்மைக்கு ஓரதிகாரமும், அவையறிதற்கு ஓரதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓரதிகாரமும் வகுத்தனர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் யாம் அவற்றை உரையோடு ஓதித் தேர்வும் எழுதியுள்ளோம். ஆயினும் அவை என்ற சொல்லைக் கேட்குந்தோறும் எம் மனக்கண்முன் நின்றது கற்றோர் கூடிய பேரவையே. ஐந்தாண்டுக் குழந்தைக்கு முப்பது பேர் அமர்ந்த வகுப்பறையும் ஒரு பேரவை என்பதும், அவ்வவைக்கு அஞ்சிய அச்சம் அதன் நாவைப் பூட்டிவிடக்கூடும் என்பதும் யாம் ஏட்டிற் கற்றனவல்ல. சென்ற கோடை விடுமுறையில் எம் ஊராகிய ஓசூரில் ஏழாண்டு நிரம்பிய ஒரு சிறுமியினிடம் கற்றன அவை. அவற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு, சிறப்பாக ஆசிரியத்தொழில் மேற்கொள்ளவிருக்கும் மாணவ நண்பர்கட்கு, எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையூரும் அதன் மொழிகளும்

ஓசூர் தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் உள்ளது. ஜூஜுவாடியைக் கடந்தால் கருநாடக நாட்டு அத்திப்பள்ளி வந்துவிடும். பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே. சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி 1965ஆம் ஆண்டிற் பிரிந்த தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர் 2004ஆம் ஆண்டிற் கிருஷ்ணகிரி மாவட்டத்ததாயிற்று. மாவட்டங்கள் மாறினும் மக்கள் வாய்மொழிகள் மாறவில்லை. ஓசூர், பாகலூர்ப் பக்கங்களில் தெலுங்கும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களிற் கன்னடமும் வீட்டுமொழியாக வழங்கும் குடும்பங்கள் பல. உருது பேசுவாரும் உளர்.

1970களில் அரசினர் சிப்காட் தொழிற்பேட்டையை நிறுவிய பின்னர், வண்டித் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளும் பெருகின. தமிழகத்தின் தென்மாவட்டங்களினின்றும் ஆந்திரத்தினின்றும் தொழிலாளர் வந்து குடியேறினர். இக்காலத்தே ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய தொலைநாட்டாரும் லைன் வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் செய்கின்றனர். ஆதலின் எம் ஊர்த் தெருக்குழாயடியில் நிற்குங் குழந்தை ஒரே காலைப்பொழுதில் ஐந்து மொழிகளைக் கேட்டல் கூடும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றற் சட்டத்தின் வழியே, முதல் வகுப்புத் தொடங்கித் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. எனவே வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியுமாக வளரும் குழந்தைகள் இங்கு மிகப் பலர்.

இத்தகைய ஊரில் ஒரு குழந்தை வகுப்பிற் பேசாதிருப்பின், “அதற்குத் தமிழ் தெரியாது, நாளடைவிற் பேசும்” என்று கூறி அமைதல் எளிது. அக்கூற்றுப் பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும். மெய்யல்லாத இடத்து விளையும் கேடே ஈண்டு ஆராயத்தக்கது.

யாம் கண்ட சிறுமி

சென்ற விடுமுறையில் எம் ஊர் ஆலயத்தை அடுத்த கூடத்தில், லைன் வீட்டுக் குழந்தைகட்கு நண்பர் சிலருடன் மாலைப்பாடம் நடத்தினோம். வந்த குழந்தைகளுள் ஒருத்தி இரண்டாம் வகுப்பை முடித்தவள். அவள் பெயர் ஈண்டு வேண்டா. தந்தையார் குப்பம் பக்கத்தினின்று வந்து ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவர், வீட்டுமொழி தெலுங்கு. நாள் தவறாது வருவாள், எழுத்து முத்துப்போலிருக்கும். ஆனாற் பெயரைக் கேட்டாற்கூட விடையிராது. முகம் தாழும், உதடு இறுகும், பாவாடை விளிம்பைப் பற்றிய கை பற்றியபடியே நிற்கும்.

தமிழ் அறியாள் போலும் என்றெண்ணி, ஓசூரில் வளர்ந்தார் எவர்க்கும் இருக்கும் அரைகுறைத் தெலுங்கிற் கேட்டோம். அப்பொழுதும் வாய் திறந்திலள். பின்னர் யாம் செய்ததை நாணத்தோடு எழுதுகின்றோம். ஒரு கடலைமிட்டாயைக் கையிலேந்தி, எல்லாக் குழந்தைகளும் காண, “ஒரே ஒரு சொல் சொல், இஃது உனக்கு” என்றோம். அனைவரும் அவளையே திரும்பி நோக்கினர். அவள் கண்கள் நிறைந்தன, ஒலி எழவில்லை. “அண்ணா, அது ஊமை; பள்ளிக்கூடத்திலேயும் பேசாது” என்றான் ஒரு சிறுவன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் வீட்டைத் தேடிச் சென்றோம். வீட்டை அணுகுமுன்னரே சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சிறுமியின் தெளிந்த குரல் கேட்டது. தம்பியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் வரிசையாக அமர்த்தி, கையில் ஒரு குச்சியுடன், யாம் நடத்திய பாடத்தை அவள் நடத்திக்கொண்டிருந்தாள். தமிழ் பிழையின்றி வந்தது. இடையிடையே யாம் எம்மையறியாமற் கூறும் “கவனி, கவனி” என்பதனையும் எம் குரலிலேயே கூறினாள். எம்மைக் கண்டதும் சொல் பாதியில் நின்றது.

அவளுடைய பாட்டியார் சிரித்தார். “வீட்டில் இவள் வாய் ஓயாது, நாயனா. வாசற்படி தாண்டினாற் பூட்டு விழுந்துவிடும்” என்றார். பின்னர்ச் சிரிப்பு நீங்கி மற்றொன்றும் கூறினார். ஒருநாட் பள்ளியிற் கதவிடுக்கில் விரல் நசுங்கியதாம். அவள் அதனைப் பாவாடையிற் சுற்றிக்கொண்டு மாலைவரை அமர்ந்திருந்தாள், ஒருவரிடமும் சொல்லவில்லை. வீடு வந்து வாசற்படி ஏறிய பின்னரே அழுதாள்.

தெலுங்கும் தமிழும் நன்கறிந்த ஒரு குழந்தையை மொழியறியாள் என்று யாம் முடிவு செய்திருந்தோம். எம் கல்லூரி உளவியல் ஆசிரியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து வினவியபொழுதே, இந்நிலைக்கு ஒரு பெயரும் நெடிய வரலாறும் உண்டென்று தெரிந்தோம்.

பெயர் திரிந்த வரலாறு

செருமானிய மருத்துவராகிய அடால்ஃப் குஸ்மௌல் என்பார், பேச வல்லராயிருந்தும் சிலவிடத்துப் பேசாதாரை 1877ஆம் ஆண்டில் எழுத்திற் குறித்து, அந்நிலைக்குத் ‘தானே வேண்டிப் பேசாமை’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். 1934ஆம் ஆண்டிற் சுவிட்சர்லாந்து நாட்டு மோரித்ஸ் திராமர் என்பார் ‘தேர்ந்துகொண்ட ஊமை’ என்று பொருள்படும் பெயரை வழங்கினார். இரு பெயரும் குழந்தை மனம்வைத்தே வாய் மூடுகின்றது என்னும் கருத்தைத் தம்முட் கொண்டவை. அமெரிக்க உளமருத்துவர் கழகம் தன் நோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பில், 1994ஆம் ஆண்டில், அப்பெயரை மாற்றியது. புதிய பெயர், குழந்தை பேசாமையைத் தேர்ந்துகொள்கின்றது என்னாது, சிலவிடங்களில் மட்டும் பேசாமை நிகழ்கின்றது என்றே கூறும். 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இந்நிலையை அச்ச நோய்களின் வரிசையில் வைத்தது. 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடும் அவ்வாறே செய்தது.

‘வேண்டி’ என்னும் குற்றச்சாட்டு இப்பெயரினின்று முற்றும் நீங்க 117 ஆண்டுகள் சென்றன. தமிழில் இதற்குப் பெயரிடுவார், ‘தேர்ந்த மௌனம்’ என்றாற்போலப் பெயரிட்டு அப்பழம்பிழையை மீண்டும் செய்யாதிருத்தல் வேண்டும். யாம் ஈண்டு ‘இடஞ்சார் பேசாமை’ என வழங்குகின்றோம். நம் வீடுகளில் வழங்கும் பெயர்களோ இன்னுங் கொடியவை. அழுத்தக்காரி, கல்லுளிமங்கன், ஊமைக்கோட்டான் என்பர், “வாயிற் கொழுக்கட்டையா?” என்பர். இவையெல்லாம் அஞ்சும் குழந்தையைப் பிடிவாதக் குழந்தையாக்கும் பெயர்கள்.

இதன் இயல்பு

இந்நிலை நூற்றுக்கு ஒரு குழந்தைக்கும் குறைவாகவே காணப்படும். பெரும்பாலும் ஐந்தாண்டிற்கு முன்னரே தொடங்கும்; ஆயினும் பள்ளியிற் சேர்ந்த பின்னரே புலப்படும். பெண்குழந்தைகளிடத்துச் சிறிது மிகுதி. பிறவியிலேயே கூச்சமும் அச்சமும் மிக்க குழந்தைகளிடத்தும், அச்ச இயல்புடைய குடும்பங்களிலும் இது தோன்றக் காண்கின்றனர். பெற்றோரின் கொடுமையால் விளைவது என்று எண்ணுதல் தவறு.

இது வளரும் முறையும் அறியத்தக்கது. குழந்தையை ஒருவர் வினவுகின்றார். அச்சம் எழுகின்றது, தொண்டை இறுகுகின்றது, உடல் அசைவற்று நிற்கின்றது. அருகிலிருக்கும் தாயோ தோழியோ இரங்கி, அதற்காக விடை கூறிவிடுகின்றனர். உடனே குழந்தையின் அச்சம் தணிகின்றது, வினவியவர்க்கும் நிம்மதி, தாய்க்கும் நிம்மதி. பேசாதிருந்தால் துன்பம் நீங்கும் என்பதனை அக்குழந்தையின் உடல் கற்றுக்கொள்கின்றது. இது நாடோறும் நிகழ நிகழ அப்பூட்டு இறுகுகின்றது.

‘ஐந்தாண்டு பேசாதிருந்த குமரகுருபரர் பின்னர்ப் பெரும்புலவர் ஆகவில்லையா?’ என்று ஆறுதல் கூறுவாரும் உளர். அடிகளார் வரலாற்றிற் கூறப்படும் குழந்தை எவ்விடத்தும் பேசாதது; நாம் கூறும் குழந்தையோ வீட்டில் வாய் ஓயாதது. எல்லாவிடத்தும் பேசிவந்த குழந்தை திடீரென எல்லாரிடத்தும் வாயடைத்துப்போயின் அது மூன்றாவதொரு வகை. அமெரிக்க எழுத்தாளராகிய மாயா ஆஞ்சலூ என்னும் அம்மையார் ஏறத்தாழ எட்டாண்டுப் பருவத்திற் கொடுமைக்கு ஆளான பின்னர் ஐந்தாண்டளவு பேசாதிருந்தார். அத்தகைய மௌனத்தைக் கண்டால் அக்குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று உடனே ஆராய்தல் வேண்டும்.

இருவகை மௌனம்

இனி எம் எல்லைநாட்டிற்கு வருவோம். புதுமொழி வழங்கும் பள்ளியிற் சேர்ந்த குழந்தை சில மாதங்கள் பேசாது கேட்டுக்கொண்டே இருத்தல் இயற்கை. அஃது அச்சமன்று, விதை மண்ணுக்குள் இருப்பது போன்ற காலம். இடஞ்சார் பேசாமையும் வெளிப்பார்வைக்கு அவ்வாறே தோன்றும். ஆதலின் இவ்விரண்டினையும் வேறு பிரித்தறிதல் ஆசிரியர் கடமை.

முதலாவது, மொழியறியாக் குழந்தை தன் மொழி பேசும் தோழனைக் கண்டவுடன் பேசும். அஞ்சுங் குழந்தை பள்ளியெல்லைக்குள் தன் வீட்டுமொழியிலும் பேசாது. இரண்டாவது, முன்னது கைகாட்டியும் தலையசைத்தும் சிரித்தும் தன் கருத்தைப் புலப்படுத்தும். பின்னதற்கு வினவியவுடன் உடலும் முகமும் இறுகிவிடும். மூன்றாவது, முன்னதன் மௌனம் நாளுக்குநாள் தளரும். பின்னது மாதங்கள் சென்றும் தளராது. பள்ளியிற் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கிற் கொள்ளாது, அதன் பின்னரும் ஒரு மாதத்திற்கு மேலாக நீடித்துக் கல்விக்கும் பழக்கத்திற்கும் இடையூறாகுமாயின் கருதிப்பார்த்தல் வேண்டும் என்பர் மருத்துவர். நான்காவது, பெற்றோரை அழைத்து, “வீட்டில் எம்மொழியில், யாரிடம், எவ்வளவு பேசுகின்றது?” என்று வினவுதல் வேண்டும். இந்த ஒரு வினாவை எழுப்பியிருந்தால் யாம் கடலைமிட்டாயை நீட்டியிரோம். செவிப்புலன் குறைவு முதலிய பிற காரணங்களையும் மருத்துவர்வழி ஆராய்ந்து நீக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்விரண்டும் ஒரே குழந்தையிடத்துச் சேர்ந்திருத்தலும் உண்டு. எருசலேம் நகர்ப் பாலர்பள்ளிகளில் நிகழ்ந்து 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓராய்வில், ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எண்மரிடத்து இந்நிலை காணப்பட்டது. குடியேறிய குடும்பத்துக் குழந்தைகளை மட்டும் எண்ணிய பொழுதோ ஆயிரத்திற்கு 22 ஆயிற்று. இருமொழி அறிதல் நோயன்று, அது செல்வமே. இயல்பிலேயே அஞ்சும் குழந்தைக்குப் புதிய ஊரும் புதிய மொழியும் அச்சத்தை மிகுவிக்கும் என்பதே இதன் கருத்து. ஓசூர் போன்ற ஊர்களில் உள்ள ஆசிரியர் இதனை மறத்தலாகாது.

செய்யத்தகாதனவும் செய்யத்தக்கனவும்

அடித்துப் பேசவைக்க முயலுதல் அறமும் அன்று, சட்டமும் அன்று. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடலை வருத்துதலையும் மனத்தை வருத்துதலையும் ஒருசேர விலக்கியுள்ளது. பரிசு காட்டிப் பலர்முன் பேசச்சொல்லுதலும், பேசினாற் கைதட்டி ஆரவாரித்தலும் தகா. எல்லார் கண்களும் தன்மேல் விழுதலே அக்குழந்தையின் அச்சமாதலின், கைதட்டும் அதற்கு அடியே. “தானே சரியாகிவிடும்” என ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தலும் தகாது. இளமையிற் செய்யும் உதவி எளிதிற் பயன்தரும்.

செய்யத்தக்கன பின்வருவன. வினவுதலைக் குறைத்து, குழந்தையின் அருகிலிருந்து அது செய்வதனைப் பற்றித் தாமே இயல்பாகப் பேசுக. வினவ நேர்ந்தால், “சிவப்பா, மஞ்சளா?” என்றாற்போல ஒரு சொல்லில் விடை அமையுமாறு வினவி, ஐந்து எண்ணும் அளவு பொறுத்திருக்க. வெளியே செல்லவும் நோவு கூறவும் ஓர் அட்டையைக் கையிற் கொடுக்க. பேச்சு வருமளவும் உடலேனும் வருந்தாதிருத்தல் வேண்டுமன்றோ?

மருத்துவர் கையாளும் முறை ஒன்று எமக்கு மிகவும் உவந்தது. ஒருவருமில்லாத வகுப்பறையிற் குழந்தை தன் தாயுடன் பேசி விளையாடும். ஆசிரியர் முதல்நாட் கதவுக்கு வெளியே நிற்பர், மறுநாட் கதவருகே, பின்னர் அறையின் மூலையில், பின்னர் விளையாட்டில் ஒருவராகச் சேர்வர். அதன்பின் ஒரு தோழி, பின்னர் இருவர். ஒவ்வோரடியும் முன்னடியினும் சிறிதே அரிதாதல் வேண்டும். குழந்தை அஞ்சினால் ஓரடி பின்வாங்கிப் பொறுத்தல் வேண்டும்.

உதவி தொலைவில் இல்லை. 2013ஆம் ஆண்டிற் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகட்கும் அரசுப்பள்ளிகட்கும் வருகின்றனர். ஆயினும் அடங்கியிருக்கும் குழந்தையை ‘நல்ல பிள்ளை’ என்று எண்ணி அவரிடம் கூறாதுவிடுதலே நம் குறை. பெங்களூரில் உள்ள தேசிய உளநல நிறுவனமாகிய நிம்ஹான்ஸிலும், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகட்கெனத் தனி உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. நிம்ஹான்ஸ் நிற்கும் நெடுஞ்சாலைக்குப் பெயரே ஓசூர்ச் சாலை. 14416 என்னும் எண்ணிற் கட்டணமின்றித் தொலைபேசியில் அறிவுரை பெறும் வசதியும் 2022ஆம் ஆண்டுமுதல் உண்டு.

முடிவுரை

திருமறையைப் பயில்வார் மோசேயின் வரலாற்றை அறிவர். தாம் நாவன்மை அற்றவர் என்று அவர் அஞ்சிப் பின்வாங்கியபொழுது, இறைவன் அவரை ஒதுக்கிவிடவில்லை. ஆரோன் என்னும் தமையனை அவர்க்கு வாயாகத் துணையளித்தார். ஆயினும் அவ்வாரோனே என்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை. உபாகமம் என்னும் ஆகமம் பெரும்பாலும் மோசே தாமே மக்கட்கு உரைத்த நெடிய உரைகளாக அமைந்துள்ளது. துணையாக நின்று வழிவிடுவாரே அஞ்சுவார்க்கு வேண்டியவர். குழந்தைக்காக எப்பொழுதும் விடை கூறிவிடுவார் அல்லர்.

அச்சிறுமி மீண்டும் வந்தாள். பாட்டியாரைக் கெஞ்சிக் கேட்டதன்பேரில், பிற குழந்தைகள் வருமுன் அரைமணி நேரம் தம்பியுடன் வந்தாள். யாம் கூடத்தின் மறுகோடியிற் பெருக்கிக்கொண்டிருப்போம். அவள் தம்பிக்குப் படித்துக் காட்டுவாள். முதலில் உதடு மட்டும் அசைந்தது, பின்னர் முணுமுணுப்பாயிற்று. நாடோறும் சிறிது சிறிதாக அருகிற் சென்றோம். விடுமுறையின் இறுதி வாரத்தில் ஒருநாள், ஓசூர்த் தோட்டங்களிற் பூக்கும் ரோஜாவைப் படமாக வரைந்து, அதன் தெலுங்குப் பெயரைத் தவறாகக் கூறினோம். அவள் தம்பியின் செவியில், எமக்குங் கேட்கும் அளவில், “குலாபி” என்று திருத்தினாள். யாம் கைதட்டவில்லை. “ஆம், குலாபி” என்று கூறி மேலும் வரைந்துகொண்டிருந்தோம்.

சூன் மாதம் பள்ளி திறந்தபின் அவள் தந்தையார் எம் கடிதத்தைக் கொண்டுபோய் வகுப்பாசிரியையிடம் கொடுத்தார். அவ்வம்மையார் கடிதத்தை இருமுறை படித்து, அன்றே ஓரட்டை எழுதிக் கொடுத்தனராம். அவள் இன்னும் வகுப்பிற் பேசவில்லை; ஆனால் வெளியே செல்லவேண்டின் அவ்வட்டையை உயர்த்துகின்றாள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் தந்தையார் இசைந்துள்ளார்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். நம் வகுப்பின் முதல்வரிசையில் அழகாக எழுதி, அடங்கியிருந்து, ஒருநாளும் வாய் திறவாத ஒரு குழந்தை அமர்ந்திருத்தல் கூடும். அதனை நல்ல பிள்ளை என்று புகழ்வதற்கும் மந்தம் என்று தள்ளுவதற்கும் முன்னர், அதன் வீட்டு வாசலிற் சென்று ஒருமுறை செவிசாய்த்துக் கேட்போமாக.